லுணுகலைக்குக் கீழே ஒரு வளைவு

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் ஊரெல்லாம் நடந்து மன்னிப்புக் கேட்பார்கள். கல்முனையில் இருக்கும் என் அச்சகத்துக்கு ஒவ்வொரு வருடமும் அப்படி ஐந்தாறு பேராவது வருவார்கள். வாசலில் நின்று, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செய்திருந்தா பொறுத்துக்கொள்ளுங்க," என்பார்கள். நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழும்பிக் கைகொடுத்து, "எல்லாம் பொறுத்தாச்சு, நல்லபடியாப் போய் வாங்க," என்பேன். நான் காரைதீவுக்காரன், கோயில் கும்பிடுகிறவன். ஆனாலும் அந்த நிமிடம் எனக்குப் பிடிக்கும். பெரும்பாலும் அவர்கள் எனக்கு எந்தப் பிழையும் செய்திருக்கமாட்டார்கள்.

இந்த வருடம் மன்சூர் போவதாக இருந்தது. என் அச்சகத்துக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி, தண்ணீர்க் குழாய் என்று வயல்காரர்களுக்கு வேண்டியதை விற்கிறான். பதினைந்து வருடங்களாகக் காலையில் முதல் தேத்தண்ணீரை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குடிக்கிறோம். நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் கிழமை, பின்னேரம் வந்து என் கதிரையில் இருந்தான்.

"மச்சான், ஊருக்குள்ள கேக்கவேண்டிய ஆக்கள்கிட்ட எல்லாம் கேட்டுட்டன். ஒரு ஆள் மிச்சம். மலையில இரிக்கி."

யாரைச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. மன்சூர் முன்பு லொறி ஓடியவன். சம்மாந்துறை ஆலைகளில் அரிசி ஏற்றிப் பதுளைக்குப் போவான். அங்கிருந்து மரக்கறி ஏற்றி வருவான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அப்படி இறங்கி வரும்போது, லுணுகலைக்குக் கீழே ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் போய், பாதையோரம் நடந்துபோன ஒரு தோட்டத் தொழிலாளியை லொறி மோதியது. அந்த மனிதர் இறந்துவிட்டார். வழக்கு நடந்து, இயந்திரக் கோளாறு என்று முடிந்தது. அதற்குப் பிறகு மன்சூர் லொறியில் ஏறவில்லை. இவ்வளவும் கல்முனையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அவர்ட பொஞ்சாதிகிட்ட மாப்புக் கேக்கணும்," என்றான்.

"பஸ்ஸில போவமே."

"பஸ்ஸில போனா அந்த வளைவு கண்ண மூடித் திறக்கக்குள்ள போயிரும். நான் அதில இறங்கி நிக்கணும். உன்ட மோட்டார் சைக்கிள்ல கூட்டிப்போறயா?"

என் மோட்டார் சைக்கிள் காரைதீவுக்கும் கல்முனைக்கும் இடையே ஓடிப் பழகியது. அதற்கும் எனக்கும் மேடு என்றால் மாவடிப்பள்ளிப் பாலம்தான். ஆனாலும் ஓம் என்றேன்.

முதல் நாள், அவன் சுபஹு தொழுதுவிட்டு வந்தவுடன் புறப்பட்டோம். பாலத்தைக் கடக்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. பெரும்போகம் வெட்டி முடிந்து வயல்வட்டை முழுவதும் வெறும் நெல்தாள் நின்றது. கொக்குகள் வரம்பில் வரிசையாக இருந்தன. மன்சூர் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டே வந்தான்: யாருடைய வயல், யார் யாருக்கு விற்றது, எந்த வாய்க்காலில் இந்த முறை தண்ணீர் வரவில்லை. அம்பாறை தாண்டி, உகணை தாண்டி, காட்டுப் பகுதி வரும்வரைக்கும் அந்தக் கதை ஓயவில்லை.

காட்டுக்குள் பாதையின் நடுவே யானை இலத்தி கிடந்தது. ஆவி பறந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிங்களம் அரைகுறை. மன்சூருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இப்பதான் கடந்து போச்சாம், ஹோன் அடிக்காமப் போகட்டாம்," என்றான். ஹோன் அடிக்காமல் போனேன். மூச்சும் விடவில்லை.

மகாஓயாவில் ஒரு சிங்களப் பெண்ணின் கடையில் பாற்சோறும் இடித்த மிளகாய்ச் சம்பலும் சாப்பிட்டோம். எங்கள் பக்கத்துச் சம்பலில் தேங்காய் அதிகம். இது தனி நெருப்பு. எங்கள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்காமலே ஆளுக்கொரு வாழைப்பழம் வைத்தார். "கடற்கரை ஆட்களா?" என்று கேட்டாராம். "எப்படித் தெரியும்?" என்றதற்கு, "வந்தவுடன் மீன் இருக்கிறதா என்று பார்த்தீர்கள்," என்றாராம்.

பிபிலை தாண்டியதும் மலை தொடங்கியது. மன்சூரின் கதை நின்றது. முதல் வளைவில் அவன் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"இடப்பக்கம் ஒதுக்கிப் பிடி. ஹோன் அடி," என்றான். கொஞ்சத் தூரத்தில், "அடுத்தது வலப்பக்கம், உள்ளுக்க மடியும். இரண்டாம் கியர்ல போ." அப்படியே இருந்தது. அதற்கடுத்ததும் அவன் சொன்னபடியே மடிந்தது. பத்தொன்பது வருடமாக இந்தப் பாதைக்கு வராதவன், ஒவ்வொரு வளைவையும் வரும் முன்பே சொன்னான். மனதுக்குள் இவன் இந்தப் பாதையில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பான் என்று நினைத்தேன்.

ஒரு செங்குத்தான ஏற்றத்தில் கிளட்ச் கம்பி அறுந்தது. மோட்டார் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னுக்கு உருளாமல் இரண்டு பேரும் காலை ஊன்றிப் பிடித்தோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் மர உச்சிகள்தான் தெரிந்தன. எங்கள் ஊரில் வண்டி நின்றால் வேலியோரம் சாத்திவிட்டு நடக்கலாம். இங்கே சாத்துவதற்கு ஆகாயம்தான் இருந்தது.

சற்று மேலே மிளகுக் கொடி படர்ந்த தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். சோமபால என்று பெயர் சொன்னார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வண்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றும் குறடும் கொண்டுவந்தார். பாதையோரம் குந்தியிருந்து கம்பியைக் கோர்க்கத் தொடங்கினார். மன்சூர் பக்கத்தில் குந்தி முனையைப் பிடித்துக்கொடுத்தான். நான் பின் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு நின்றேன்.

எங்கே போகிறீர்கள் என்று சோமபால கேட்டார். மன்சூர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினான். நான் பாதிதான் கேட்டேன். தெரிந்த கதைதானே என்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி என்றான், வளைவு என்றான், மனிதன் செத்துப்போனான் என்றான். பிறகு "மட்ட நிந்த கியா" என்றான். சோமபாலவின் குறடு நின்றது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். எனக்கு நித்திரை வந்துவிட்டது என்று அர்த்தம்.

சோமபால மெதுவாக ஏதோ கேட்டார். மன்சூர் தலையை ஆட்டினான். இல்லை, பிரேக்கில் ஒன்றும் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று அவன் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. அந்த மனிதர் திரும்பக் குறடை எடுத்தார். கம்பியை முறுக்கி முடித்து, கிளட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மன்சூரின் முதுகில் கையை வைத்தார். "பார்த்துப் போங்கள், மேலே மழை," என்றார்.

நான் வண்டியை எடுக்கவில்லை.

"பதினைஞ்சு வருசம் மன்சூர். என்னட்ட ஒரு நாளும் சொல்லல்லையே. வழியில கண்ட மனிசனிட்டச் சொல்றாய்."

அவன் கையில் இருந்த கிரீஸைப் புல்லில் துடைத்தான். "அவர் இனி என்னக் காணப்போறல்ல மச்சான். உன்ட முகத்தில நான் ஒவ்வொரு நாளும் முழிக்கணும்."

"உன்ட மனிசிக்குத் தெரியுமா?"

"ஆருக்கும் தெரியா. முதல் நாள் இரவு முழுக்கச் சந்தையில நிண்டு லோட் ஏத்தினன். பதுளையில படுத்துட்டுப் போ எண்டு சொன்னாங்க. கேக்கல்ல. அந்த வளைவுக்கு முன்னால இரிக்கிற பாலம் தெரியும். மறுகா தெரிஞ்சது கண்ணாடி உடைஞ்ச சத்தம்தான். முன்பக்கம் நசுங்கின லொறியில ஆரு என்ன கண்டுபிடிக்கிற?"

"இப்ப அந்தப் பொம்பிளையிட்ட இதைத்தான் சொல்லப்போறாயா?"

"ஓம்."

எனக்குக் கோபம் வந்தது. "பிரேக் எண்டு நினைச்சே அவ இத்தனை வருசம் ஆறியிருப்பா. அதையும் பறிச்சிட்டு வாறதா? உனக்குப் பாரம் இறங்கவேணும் எண்டதுக்காக?"

அவன் இன்னும் கொஞ்சம் புல்லைப் பிடுங்கி விரல்களைத் துடைத்தான். பிறகு, "பொய்ய வெச்சுக்கிட்டு மாப்புக் கேட்டா, அந்த மாப்பு பொய்க்குத்தான் கிடைக்கும், எனக்கில்ல," என்றான். "அது எனக்கு ஏற்கனவே ஒருக்காக் கிடைச்சிரிக்கி." கடைசியாகச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

சோமபால சொன்ன மழை லுணுகலைக்கு முன்பே பிடித்துக்கொண்டது. அந்த வளைவு எது என்று எனக்குத் தெரியவில்லை. மழையில் அதைக் கடந்தபோது மன்சூர் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்து நடுங்கியபடி லுணுகலைப் பள்ளிவாசலில் போய் நின்றோம். பொறுப்பாளர் மன்சூரை ஏற்கனவே தொலைபேசியில் அறிந்தவர். பயணிகள் தங்கும் அறையைத் திறந்துவிட்டார். நான் திருநீறு அழிந்துபோன நெற்றியுடன் தயங்கி நின்றதைப் பார்த்து, "உள்ள வாங்க, குளிருக்கு மதமில்ல," என்றார்.

சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து ரொட்டியும் மீன் குழம்பும் வந்தது. அந்த மீன் கடலைவிட்டு எத்தனை நாளாயிற்று என்று எங்கள் இரண்டு பேருக்கும் முதல் வாயிலேயே தெரிந்தது. கல்முனைச் சந்தையில் பூனைக்கும் கொடுக்கமாட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வருடாவருடம் வாசலில் வந்து நின்றவர்களுக்கு "எல்லாம் பொறுத்தாச்சு" என்று நான் சொல்லி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன். ஒன்றும் இழக்காதவன் சொன்ன சொல் அது.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலை முழுக்க மூடுபனி. வந்த பாதையில் கொஞ்சத் தூரம் இறங்கினோம். ஒரு சிறிய பாலம் வந்ததும் மன்சூர் தோளைத் தட்டினான். வண்டியை ஓரம் கட்டினேன். அவன் இறங்கித் தனியே முன்னால் நடந்தான்.

வேறு எந்த வளைவையும் போல ஒரு வளைவு. உட்பக்கம் கல்மதில். அதில் பாசி. மதிலின் ஓரிடத்தில் மட்டும் கற்கள் வேறு நிறமாக, பிறகு கட்டியதுபோல் இருந்தன. மன்சூர் அந்தக் கற்களுக்கு முன்னால் நின்றான். ஒரு பஸ் ஹோன் அடித்தபடி அவனைச் சுற்றிப் போனது. நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவன் துஆ ஓதுவான் என்று நினைத்தேன். ஓதவில்லை. கைகளைத் தொங்கப் போட்டபடி வெறுமனே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். "லேசான வளைவு," என்றான். "நித்திரையில்லாட்டி ஒரு கையால எடுக்கலாம்."

தோட்டத்துக்குப் பிரிகிற பாதை தேயிலைக்குள் ஏறிச் சென்றது. தோட்டத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வயல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் எல்லாம் தெரியும். இங்கே ஒவ்வொரு திருப்பமும் அடுத்ததை மறைத்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் தொடக்கத்தில் இருந்த சின்னக் கடையில் விசாரித்தோம்.

"பெரியசாமி வீடுங்களா?" என்றார் கடைக்காரப் பெண். "அவரு செத்து ரொம்ப வருசம். அந்தம்மாவும் தவறி நாலு வருசமாச்சுங்களே. மக இருக்கு, ஜெயந்தி. பாலர் பள்ளியில டீச்சர்."

மன்சூர் கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "பிந்திட்டன்," என்றான் என்னிடம். திரும்பிவிடலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

ஜெயந்திக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாசல் அறையில் பாயில் இருந்து, பள்ளிக்காக நிறக் கடதாசியில் பூக்கள் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையைச் சேர்க்கும் விசயமாக வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். "வாங்க, உக்காருங்க," என்று பிளாஸ்டிக் கதிரைகளைக் காட்டினார்.

மன்சூர் இருக்கவில்லை. "புள்ள, என்ட பேரு மன்சூர். கல்முனை. உங்கட அப்பா மௌத்தான அண்டைக்கு அந்த லொறிய ஓடினது நான்தான்."

கத்தரிக்கோல் நின்றது. அவர் மன்சூரின் முகத்தைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். "உக்காருங்க," என்றார் திரும்பவும். குரல் மாறியிருந்தது.

மன்சூர் இருந்தான். ஹஜ்ஜுக்குப் போவதைச் சொன்னான், அம்மாவிடம் கேட்க வந்ததைச் சொன்னான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "வழக்கு நடக்கக்குள்ள கோட்டில நான் பிரேக் பிடிக்கல்ல எண்டு சொன்னன். அது பொய் புள்ள. லொறிக்கு ஒரு பழுதும் இல்ல. நான் நித்திரையாகிட்டன்," என்றான்.

ஜெயந்தி கத்தரிக்கோலைப் பாயில் வைத்தார்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த டிரைவரை ஒரு வார்த்தை ஏசுனதில்லைங்க. சொந்தக்காரங்க யாராவது ஏசுனாக்கூட, மெசினு செஞ்சதுக்கு மனுசனை ஏசாதீங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்காக எங்க சித்தப்பாகூடச் சண்டை போட்டாங்க." கண்ணைத் துடைக்கவில்லை. "அவங்களை முட்டாளாக்கிட்டீங்க."

"ஓம்," என்றான் மன்சூர்.

அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். சேலைத் துணியில் தைத்த திரை ஆடி நின்றது. பின்பக்கம் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வானொலியில் யாரோ சிரித்தார்கள்.

"போவமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"போகச் சொல்லல்லையே," என்றான்.

கால் மணித்தியாலமாவது ஆகியிருக்கும். முகம் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"ஒண்ணு கேக்குறேன். எங்கப்பா அந்த இடத்துலயே செத்தாங்களா, இல்ல ஆசுபத்திரிக்குப் போற வழியிலயா? அம்மா ஒண்ணு சொல்லுவாங்க, சித்தப்பா ஒண்ணு சொல்லுவாரு. யாருமே பாக்கல."

"நான் பாத்தன்," என்றான் மன்சூர். "ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட உசிரோட இருந்தாரு. வாகனம் ஒண்டும் வரல்ல, மழை. நான் லொறியில சாமான மூடுற படங்க இழுத்து அவருக்கு மேல பிடிச்சிக்கிட்டு, தலைய என்ட மடியில வெச்சிக்கிட்டு இருந்தன்."

ஜெயந்தி படியில் இருந்துவிட்டார். "சொல்லுங்க."

அவன் சொன்னான். நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பெரியசாமி நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. அதை விடவேயில்லை. விளக்குச் சிமினி, பிரித்துப் பாருங்கள், உடைந்துவிட்டதா என்று கேட்டார். மன்சூர் பிரித்துப் பார்த்தான். உடையவில்லை.

"அந்தச் சிமினி வீட்டுக்கு வந்திச்சு," என்றார் ஜெயந்தி. "பொலிசுக்காரங்க கொண்டாந்து குடுத்தாங்க. அதுலதான் நான் படிச்சேன். அப்பா வாங்குனதுன்னு தெரியும். அதைக் கேட்டாங்கன்னு தெரியாது."

"மறுகா," என்று தொடங்கி மன்சூர் நின்றுவிட்டான். என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தை அப்படி நான் கண்டதில்லை. "மறுகா என்னப் பாத்து, உங்களுக்கு அடிபட்டிச்சுங்களா எண்டு கேட்டாரு. என்ட நெத்தியில இரத்தம். எனக்கு என்ன சொல்ற எண்டு தெரியல்ல. பிரேக் பிடிக்கல்ல அண்ணன், பிரேக் பிடிக்கல்ல எண்டு சொன்னன். பொலிசுக்குச் சொல்லக்கு முந்தி, கோட்டுக்குச் சொல்லக்கு முந்தி, அந்தப் பொய்ய முதல்ல அவருக்குத்தான் சொன்னன். அதுக்கு அவரு, மெசினுதானே, நீங்க என்ன செய்வீங்க எண்டு சொன்னாரு. அதான் கடைசி."

லயத்தின் முன்னால் ஒரு கோழி குஞ்சுகளோடு கடந்து போனது. மாப்பு ஏற்கனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது என்று முதல் நாள் மலையில் அவன் சொன்னது எனக்கு இப்போது விளங்கியது.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதுங்க," என்றார் ஜெயந்தி கடைசியில். "ஆனா வெறும் வாயாலதான் வரும். அது வேணுமா உங்களுக்கு?"

"வேணாம் புள்ள."

"அப்ப விடுங்க. எனக்கு வர்றப்ப வரட்டும். வராமலும் போகலாம்."

"ஓம்," என்றான் மன்சூர்.

அவர் இளஞ்சிவப்புக் கடதாசித் துண்டு ஒன்றில் அவனுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டார். தேத்தண்ணீர் தரவில்லை. மலைநாட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் எந்த வீட்டிலிருந்தும் வரமுடியாது என்பார்கள்; இங்கே குடிக்காமல் வந்தோம். அது சரியென்றே எனக்குப் பட்டது. ஆனால் நாங்கள் படி இறங்கும்போது, "கீழ ரோட்டுல கல்லு உருண்டிருக்குங்க, பாத்துப் போங்க," என்றார்.

அன்று திரும்பவில்லை. மன்சூருக்குக் காய்ச்சல்போல் உடம்பு சுட்டது. பள்ளிவாசல் அறையிலேயே படுத்துக்கிடந்தான். பொறுப்பாளர் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் வெயில். இறங்கும்போது மன்சூர் வளைவு சொல்லவில்லை. நானே பார்த்து எடுத்தேன். சோமபாலவின் தோட்டத்தடியில் நிறுத்திக் குரல் கொடுத்தோம், ஆள் இல்லை. வீட்டுப் பெண்ணிடம், பெருநாளைக்கென்று மன்சூரின் மனைவி செய்து கட்டிக்கொடுத்த தொதல் இனிப்புப் பொதியைக் கொடுத்துவிட்டு வந்தோம். அது பெரியசாமி வீட்டுக்கென்று கொண்டுபோனது. அங்கே அதைப் பையிலிருந்து வெளியே எடுக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

மகாஓயாவில் வெந்நீர் ஊற்றடியில் நிறுத்திக் காலை நனைத்துக்கொண்டு இருந்தோம்.

"போறதா வேணாமா எண்டு யோசிக்கன்," என்றான்.

"ஏன்?"

"மாப்புக் கிடைக்கல்லையே."

நான் கோபமெல்லாம் தீர்ந்தவனாக இருந்தேன். "கேட்டுட்டாய் மன்சூர். கேக்காமப் போயிருக்கலாம், பிரேக் எண்டே சொல்லி அந்தப் பிள்ளையிட்டச் சுகமாக் கேட்டுட்டும் போயிருக்கலாம். அந்த இரண்டையும் நீ செய்யல்ல." அவன் காலை ஊற்றிலிருந்து வெளியே எடுத்தான். சுடுதண்ணீரில் கால் சிவந்துபோய் இருந்தது.

ஊருக்கு வந்த அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டான். அவர் மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லையாம். நாலாம் நாள், ஹஜ்ஜுக்கு உடுக்கும் வெள்ளைத் துணியை எடுத்து அவர் தோய்த்துக் காயப்போட்டதை, அவன் வீட்டைத் தாண்டிப் போகும்போது நான் மதிலுக்கு மேலால் கண்டேன்.

ஒவ்வொரு நாளும் காலைத் தேத்தண்ணீரின்போது அவன் தொலைபேசியை மேசையில் முகம் மேலாக வைப்பான். உரக் கம்பனிக்காரர்கள் அழைப்பு எடுத்தார்கள், உறவுகள் எடுத்தார்கள். மலையிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. நாங்கள் அதைப்பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டோம்.

புறப்படுகிற நாள் வந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். வான் வாசலில் நின்றது. ஒவ்வொருவராக அவனைக் கட்டித் தழுவி, எனக்கும் துஆ செய்ங்க என்று காதில் சொன்னார்கள். அவனுடைய மச்சினன் பெட்டிகளை ஏற்றினார். நான் என் முறைக்காக வரிசையில் நின்றேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். மன்சூர் காதில் வைத்து, "ஓம், நான்தான்," என்றான். பிறகு அவன் முகம் மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மதிலோரம் கிடந்த கதிரையில் இருந்தான். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் போய் நின்றதால் மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"மன்சூர் நானா, அன்னைக்கு ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அப்பாவுக்குக் குரல் எப்பிடி இருந்திச்சு? எனக்கு முகம் கொஞ்சம் ஞாபகம் இருக்குங்க. குரல் இல்ல. அம்மாகிட்டக் கேக்கத் தோணல. இப்பக் கேக்க ஆளில்ல."

மச்சினன் வந்து, நேரமாகிறது என்று சைகை காட்டினார். மன்சூர் அவரைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்க புள்ள, சரியாச் சொல்லணும்," என்றான். முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். "தடிச்ச குரல் இல்ல. மெல்லிசு. கூப்பிட்டுக் கதைச்சுப் பழகாத ஆள்ட குரல். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலயும் கொஞ்சம் நிப்பாட்டுவாரு. சிமினி எண்டு சொல்லக்குள்ள 'சி'ய இழுத்தாரு..."

வான் சாரதி ஹோன் அடித்தார். அவன் எழும்பவில்லை. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரியசாமி சொன்னதுபோலவே, அந்த மெல்லிய குரலில், அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினான்.